நல்ல கை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அய்யா,

வணக்கம். உங்கள் தளத்தை நெடுநாளாக வாசித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை.

போன ஆடியில் என் அப்பா காலமாகிவிட்டார். நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். காட்பாடிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. நைனா அம்முண்டி சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். பல வருஷம் சீசன் தொழிலாளியாக இருந்து, அப்புறம்தான் நிரந்தரம் ஆனார். அரவை இல்லாத மாதங்களில் கையில் காசு குறைவாகத்தான் இருக்கும். அம்மா ரவிக்கை தைத்துத்தான் வீடு ஓடியது.

வீட்டில் எது நின்றாலும் வெளியாளைக் கூப்பிட்டதே இல்லை. அம்மாவின் தையல் மிஷின் மக்கர் பண்ணினால், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்த கையோடு உட்கார்ந்துவிடுவார், சாப்பிடக்கூட மாட்டார். மிக்ஸி, கிரைண்டர், பம்ப் ஸ்டவ், நாங்கள் படிக்கிற அறையின் டியூப் லைட் எல்லாம் அன்றைக்கன்றைக்கே சரியாகிவிடும். தெருக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்தவை திண்ணையில் வரிசையாகக் காத்திருக்கும். அவருடைய வால்வு ரேடியோ ஒன்று திறந்தபடியே பரண்மேல் கிடந்தது, கடைசிவரை அதைச் சரிசெய்யவில்லை. கொல்லைப்புறத்தில் ஓர் அடி பம்ப். மேல்விஷாரத்தில் இருந்து தோல் வாங்கிவந்து அவரே வாஷர் வெட்டிப் போடுவார். நான் எட்டாவது படிக்கும்போது அதில் தண்ணீர் வராமல் போய்விட்டது. "வாஷர் மாத்தி இன்னா பண்றது, தண்ணியே கீழ பூட்சி" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஷிஃப்டுக்குப் போகும் முன்னால் விடியற்காலையில் சைக்கிளில் குடம் கட்டித் தண்ணீர் கொண்டுவந்தார்.

கோபக்காரர். திறந்து வைத்திருந்த டிவிக்குள் கை நீட்டினான் என்று தம்பியை ஒருமுறை பளாரென்று அறைந்துவிட்டார். தம்பி அதை இன்னும் மறக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாம் "நல்ல கை, இனிமே யார்கிட்ட போறது" என்றே சொன்னார்கள். எனக்கு மனசு கஷ்டமாகப் போய்விட்டது. ஒரு மெக்கானிக் போய்விட்டார் என்கிற மாதிரிதான் பேசினார்கள். நல்ல மனுஷன், குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

வருகிற ஆடியில் முதலாம் ஆண்டு நினைவு. பேப்பரில் போடுவதற்கும், உறவுக்காரர்களுக்குக் கொடுக்க ஒரு சின்னப் புத்தகத்துக்கும் என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். 'பாசத்தின் சிகரமே' என்று ஆரம்பித்தேன், அதற்கு மேல் ஓடவில்லை. எப்படி எழுதுவது? அவருடைய கோபத்தை எழுதலாமா? அவருடைய டூல்ஸ் பெட்டியைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடலாம் என்கிறான் தம்பி. அம்மா ஒன்றும் சொல்வதில்லை, தைத்துக்கொண்டே இருக்கிறார். என்ன செய்யலாம்?

ஒரு வாசகி
(பெயர் போட வேண்டாம்)

*

அன்புள்ள வாசகிக்கு,

எழுத வேண்டியதில் பாதிக்கு மேல் இந்தக் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள். 'பாசத்தின் சிகரமே' என்பதை மட்டும் அடித்துவிடுங்கள். நாளிதழில் நினைவஞ்சலிப் பக்கத்தை எடுத்து, படங்களை மேலும் கீழுமாக மாற்றி ஒட்டிப் பாருங்கள். எல்லா வாசகமும் எல்லாப் படத்துக்கும் பொருந்தும். 'குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்' என்பதும் அதே சரக்குதான். அதைத் தெருக்காரர்கள் சொல்லவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். சொல்லியிருந்தால் அது சம்பிரதாயமாக இருந்திருக்கும். 'நல்ல கை' என்பதை அவர்கள் கண்ணால் பார்த்துச் சொன்னார்கள். அவர்களுக்குத் தெரிந்தது திண்ணை. வீட்டுக்குள் நடந்தது உங்களுக்கும் தம்பிக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும், அதை நீங்கள்தான் எழுதவேண்டும்.

கைத்திறன் உள்ளவர் வீட்டின்மேல் பற்றுள்ளவராக இருப்பார் என்று நாமே ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்கிறோம். நான் பார்த்தவரைக்கும் இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. என் மாமா ஒருவர் ஆற்காட்டுப் பக்கம் மோட்டார் காயில் கட்டிக்கொண்டிருந்தார். நம் ஜில்லாவில் ஆறு பெயருக்குத்தான், கழனி பூராவும் கிணற்றை நம்பித்தான். மூன்று பேஸில் ஒன்று போய்விட்டால், ஓடிக்கொண்டிருக்கிற மோட்டார் மிச்சமிருக்கும் இரண்டில் அதிகமாகக் கரண்டை இழுத்துச் சூடேறிக் கருகிவிடும். இரண்டு பேஸ்தான் வருகிறது என்று தெரிந்தே, கண்டன்சர் போட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. அப்படியும் கருகும். கோடையில் வோல்டேஜ் இறங்கினாலும் கருகும். மாமா பட்டறைக்குள் நுழைந்தாலே அந்தத் தீய்ந்த வார்னிஷ் வாடை மூக்கில் ஏறும். கருகிய செம்புக் கம்பியை வெட்டி எடுத்து, ஒரு சுருளில் எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, அதே கனத்தில் புதுக்கம்பி சுற்றி, ஸ்லாட்டில் பேப்பர் வைத்து இறக்கி, வார்னிஷ் ஊற்றிக் காயவைக்க வேண்டும். கதிர் வாங்குகிற நேரத்தில் சில நாள் தண்ணீர் இல்லையென்றால் நெல் போச்சு. அதனால் பட்டறை வாசலில் எப்போதும் இரண்டு பேராவது பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மாமாவுக்கு ராத்திரி பகல் கிடையாது.

அவர் வீட்டில் அத்தையின் பம்ப் ஸ்டவ் எரியாது. பம்புக்குள் இருக்கும் தோல் வாஷர் காய்ந்து சுருங்கிவிட்டால் எவ்வளவு அடித்தாலும் காற்று ஏறாது. வாஷரைக் கழற்றித் தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, விரலால் விரித்துப் போட்டால் சரியாகிவிடும். அதற்கு மாமாவுக்கு நேரம் வரவேயில்லை. அத்தை விறகடுப்புக்கே திரும்பிப் போய்விட்டார். "ஊர் மோட்டாரெல்லாம் ஓடுது, எம்மூட்டு அடுப்புதான் எரியல" என்று வருகிறவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வார். மாமாவை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு மோட்டார் நின்றால் ஒரு குடும்பத்தின் ஒரு போகம் நின்றுவிடும் என்றால், யார்தான் ஸ்டவ்வைப் பார்க்க வீட்டுக்குப் போவார்கள்? ஊருக்கு அவர் வேண்டியவர். அவர் சாவுக்கு வந்த கூட்டத்தை இன்றும் பேசுகிறார்கள். ஆனால் அத்தை சொன்னதும் நிஜம். ரிப்பேர் தெரிந்தவரைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. எதையெல்லாம் சரிசெய்தார் என்பது பெரிய விஷயமில்லை. யாருடைய பொருளை முதலில் சரிசெய்தார்?

உங்கள் கடிதத்தை இந்தக் கேள்வியோடு திரும்பப் படித்துப் பாருங்கள். நீங்கள் யோசித்து அடுக்கவில்லை, ஆனாலும் வரிசை தானாக வந்து விழுந்திருக்கிறது. தையல் மிஷின் முதலில், சாப்பாட்டுக்கும் முன்னால். பிறகு சமையலறை. பிறகு நீங்கள் படிக்கிற விளக்கு. தெருக்காரர்கள் திண்ணையில். அவருடைய ரேடியோ பரண்மேல்.

தையல் மிஷினைப் பற்றி விரிவாக எழுதுங்கள். அரவைப் பருவம் வருஷம் முழுக்க ஓடாது. கரும்பு வந்தால்தான் ஆலை. சீசன் தொழிலாளிக்கு மற்ற மாதங்களில் முழுச் சம்பளம் கிடையாது, வேலைக்குத் திரும்பி வரவேண்டுமே என்று ஒரு பகுதியைக் கொடுப்பார்கள். அந்த மாதங்களில் உங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அம்மாவின் கால் மிதித்த மிதியில். மிஷின் ஒரு நாள் நின்றால் அன்றைய ரவிக்கைகள் நின்றன, கூலி நின்றது, சொன்ன நாளில் கொடுக்காததால் அடுத்த தடவை அந்த வாடிக்கை வேறு வீட்டுக்குப் போகும். நைனா சாப்பிடாமல் உட்கார்ந்தார் என்றால் பாசம் மட்டும் காரணமில்லை, கணக்கும் உண்டு. சம்சாரத்தின் வருமானத்தைத் தன் வருமானத்துக்குச் சமமாக வைத்துப் பார்த்த கணக்கு. அந்தக் காலத்தில் நம் பக்கத்து ஆண்களில் எத்தனை பேர் 'அவ ஏதோ தைக்கிறா' என்று சொல்லாமல் இருந்தார்கள்?

என்னென்ன செய்தார் என்று அம்மாவைக் கேளுங்கள். தையல் விட்டு விட்டு விழுந்தால் முதலில் ஊசியை மாற்றிப் பார்ப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் ஊசியும் கீழே நூலைக் கவ்வுகிற கொக்கியும் ஒன்றையொன்று சந்திக்கும் நேரம் தப்பியிருக்கும். அதைத் திரும்ப ஒட்டவைப்பது நிதானமான வேலை, மயிரிழை தள்ளினாலும் ஊசி உடையும். தோல் பெல்ட் நாளாக நாளாக நீண்டு தொய்யும். ஒரு முனையில் கொஞ்சம் நறுக்கிவிட்டு, ஓட்டை போட்டு, கம்பிக் கொளுவியால் திரும்ப இணைக்கவேண்டும். ஆலையில் ஆளுயர ஸ்பேனர் பிடித்த கை இதைச் செய்திருக்கிறது. இந்த மாதிரி விஷயங்களை அம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். 'அன்பானவர்' என்று நீங்கள் எழுத வேண்டிய அவசியமே வராது.

அடுத்து அந்த அடி பம்ப். கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் அதுதான். வேலூரைப் பற்றி 'தண்ணியில்லாத ஆறு' என்று ஊரே கேலி பேசும். பாலாறு வறண்டதும் கிணறுகள் இறங்கியதும் நம் எல்லார் வீட்டுக் கதை. வீட்டுக் கொல்லைகளில் இருந்த அடி பம்ப் உறிஞ்சு பம்ப். அதன் உருளையும் வாஷரும் தரைக்கு மேலே இருக்கும். கைப்பிடியை அழுத்தும்போது குழாய்க்குள் காற்று குறைகிறது, வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அந்த அழுத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. கணக்குப்படி 10 மீட்டர் சொச்சம், நடைமுறையில் 7, 8 மீட்டர். நம் கணக்கில் சுமார் 25 அடி. தண்ணீர் அதற்குக் கீழே போய்விட்டால் தங்கத்தில் வாஷர் செய்து போட்டாலும் வராது. தெருவில் அரசாங்கம் போட்டிருக்கும் இந்தியா மார்க் 2 பம்ப் வேறு விதம். அதில் உருளை கீழே தண்ணீருக்குள்ளேயே இருக்கும், அதனால் ஆழத்தில் இருந்து ஏற்றும்.

"வாஷர் மாத்தி இன்னா பண்றது" என்று நைனா சொன்னாரே, அது சலிப்பில் வந்த பேச்சாக இருக்காது. அவருக்கு அந்த எல்லை தெரிந்திருக்கிறது. ரிப்பேர் தெரிந்த மற்றவர்கள் இந்த இடத்தில் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். இன்னொரு வாஷர், இன்னொரு குழாய், பம்பையே கழற்றி மாட்டுவது என்று மானத்துக்காக ஒரு மாசம் மல்லுக்கட்டுவார்கள், அந்த ஒரு மாசமும் வீட்டுப் பெண்கள் தெருக்குழாயில் நிற்பார்கள். உங்கள் நைனா ஒரே பேச்சில் விட்டுவிட்டுச் சைக்கிளில் குடம் கட்டினார். கைவேலைக்கு வழியில்லாத இடத்தில் காலால் மிதித்துத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார். நல்ல கைக்காரரும் குடும்பஸ்தரும் வேறு வேறு ஆட்கள் என்று சொன்னேன் அல்லவா, அவரிடம் இரண்டு பேரும் இருந்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். எங்கிருந்து கொண்டுவந்தார், எத்தனை நடை, எத்தனை வருஷம், குடத்தை எப்படிக் கட்டினார், அது தளும்பாமல் இருக்க மேலே என்ன போட்டார் என்றெல்லாம் எழுதுங்கள். ஆலைக்குப் போகும் முன்னால் என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். அந்த வரிக்கு இரண்டு பக்கம் கொடுக்கலாம்.

ஃபேனைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில், அக்னி நட்சத்திரத்தின் ராத்திரிப் புழுக்கத்தில் வளர்ந்த பெண் ஃபேனை எப்படி மறந்தீர்கள்? ஒருவேளை உங்கள் வீட்டில் அது நின்றதே இல்லையோ என்னவோ. சீலிங் ஃபேன் சூட்டில் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தால் முக்கால்வாசி அதன் கண்டன்சர் வலுவிழந்திருக்கும். 2.5 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருக்கும் சின்ன டப்பா. சித்திரை பிறக்கும் முன்னால் அதை மாற்றி வைத்துவிடுகிற ஆள் இருக்கும் வீட்டில் யாருக்கும் ஃபேன் நினைவுக்கு வராது. பெட்டியில் தேடிப் பாருங்கள், நாலைந்தாவது கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். அந்த ரேடியோவை வைத்துக் கண்ணீர் வரவழைக்க ஆசை வரும். 'எல்லார் பொருளையும் சரிசெய்தவர் தன் ரேடியோவை மட்டும் கவனிக்கவில்லை' என்று எழுதினால் கைதட்டல் கிடைக்கும். செய்யாதீர்கள். அது வால்வு ரேடியோ. டிரான்சிஸ்டர் வந்து எல்லாவற்றையும் தள்ளிவிட்ட பிறகு, போன வால்வுக்கு மாற்று வால்வு தேடுவது பெரும்பாடு. பாகம் கிடைக்காமல் கிடந்திருக்கலாம். இல்லை, அவருக்கே அதில் சுவாரசியம் போயிருக்கலாம். திறந்துபோட்டு வைத்திருப்பதே ஒரு சந்தோஷம் என்று இருப்பவர்களையும் எனக்குத் தெரியும். தியாகி ஆக்கினால் அவர் உங்களிடம் இருந்து தூரமாகப் போய்விடுவார். ரேடியோ பரண்மேல் கிடந்தது என்று மட்டும் எழுதுங்கள். போதும்.

கோபத்தை எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதுங்கள். பழைய டிவியின் படக்குழாயில் பத்தாயிரம் வோல்ட்டைத் தாண்டும். சுவிட்சை அணைத்து வயரைப் பிடுங்கிய பிறகும் அந்தச் சார்ஜ் உள்ளேயே தங்கியிருக்கும். தெரியாமல் கை வைத்தால் ஆளைத் தூக்கி எறியும். நைனாவுக்கு இது தெரியும், தம்பிக்குத் தெரியாது. பயத்தில் விழுந்த அறை அது. ஆனால் காரணம் இருந்ததால் வலிக்காமல் போய்விடாது, அறை அறைதான். படக்குழாய் என்றால் என்ன என்று அன்றைக்கு ராத்திரியாவது உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாம், சொன்னதாகத் தெரியவில்லை. நம் அப்பாக்கள் பலருக்கு மிஷினைத் திறக்கத் தெரிந்த அளவுக்கு வாயைத் திறக்கத் தெரியாது. இந்தப் பத்தியை நீங்கள் எழுதாதீர்கள், தம்பியை எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் நாலு வரி பேசச் சொல்லி, அவன் பேசியபடியே போடுங்கள். உறவுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், அவர்களுக்கு இலவசப் புத்தகம்தானே.

பேப்பருக்குக் கொடுப்பதைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். பெயர், தேதிகள், 'சர்க்கரை ஆலை ஃபிட்டர்', பிறகு உங்கள் எல்லார் பெயர். காசு கொடுத்துப் போடும் இடத்தில் அடைமொழிக்குச் செலவு செய்யாதீர்கள். 'நல்ல கை' என்ற இரண்டு வார்த்தையைச் சேர்த்தால்கூட எனக்குச் சம்மதம்தான். ஊர் கொடுத்த பட்டம், எதற்குக் கூச்சம்?

இனி பெட்டி. தம்பி சொல்வதில் பாதி சரி. பெட்டியில் இருப்பதில் நிறைய தானாகவே கெட்டுப்போகும். ரப்பர் வாஷரும் பெல்ட்டும் இறுகி வெடிக்கும், இன்சுலேஷன் டேப் பிசுபிசுத்துப் போகும், ரேடியோவுக்கான பழைய கண்டன்சர்கள் உபயோகிக்காமல் வைத்திருந்தாலும் உள்ளே காய்ந்துவிடும். ஞாபகார்த்தம் என்று இவற்றை எடுத்துவைத்தால் அடுத்த வருஷம் கரப்பான்பூச்சிதான் மிஞ்சும். அவை போகட்டும். ஸ்பேனர், கட்டிங் பிளேயர், அரம், சுத்தியல் இவற்றுக்கு ஆயுசு நம்மைவிட அதிகம். எடைக்குப் போட்டால் கிலோவுக்கு ஏதோ சில்லறை கொடுப்பார்கள். அதற்குப் பதிலாக உங்கள் தெருவில், சைக்கிள் கடையிலோ எலக்ட்ரிக்கல் கடையிலோ வேலை கற்றுக்கொண்டிருக்கும் பையன் யாராவது இருப்பான், அவனிடம் கொடுங்கள். "இனிமே யார்கிட்ட போறது" என்று கேட்டவர்களுக்கும் ஒரு வழி கிடைக்கும். தம்பிக்கு ஏதாவது வேண்டுமா என்று மட்டும் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்பவன் போலத்தான் பேசுவான், இருந்தாலும் கேளுங்கள்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் இன்னும் தைக்கிறார் அல்லவா? அப்படியானால் பெட்டியை யாருக்குக் கொடுப்பதற்கு முன்னாலும் அவர் எதிரில் வைத்துத் திறங்கள். பாபின் கேஸின் திருகாணியைத் திருப்புகிற குட்டி ஸ்குரூடிரைவர், மிஷின் எண்ணெய்க் குப்பி, பெல்ட் கொளுவி, மிச்சமிருக்கும் ஊசிகள், இவை அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கும். முதலில் அவற்றை எடுத்து மிஷின் டிராயரில் போடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.